விலை ஏறினால் இசை ஏறுமா?
வீட்டு ஒலிபெருக்கிகள்: ஒரு மதிப்பீடு

தாமிரபரணியின் தென்கரையில் உள்ள ஆழ்வார்திருநகரி, நம்மாழ்வார் பிறந்த ஊர் என்பதைப் பலரும் அறிவர். அங்குள்ள ஆதிநாதர் கோயிலில் கல்லால் ஆன நாதஸ்வரம் ஒன்று இருப்பதைச் சிலரே அறிவர். நாதஸ்வரம் பொதுவாக ஆச்சா மரத்தில் கடையப்படும் கருவி. மரத்துக்குப் பதிலாகக் கல்லைக் குடைந்து செய்த குழலிலும் நாதம் பிறக்கிறது என்றால், அந்த நாதம் எதைப் பொறுத்தது? குழலின் சுவரையா, அதனுள் இருக்கும் காற்றையா?

இயற்பியல் படிக்கும் மாணவர் தயங்காமல் விடை கூறுவார். குழலின் நீளம், உட்புறத்தின் வடிவம், துளைகளின் இடம், சீவாளி ஆகியவையே ஒலியின் தன்மையைப் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. அதிர்வது உள்ளே இருக்கும் காற்றுத் தம்பம். சுவரின் பொருளுக்கும் பங்கு உண்டு என்று பல இசைக் கலைஞர்கள் உறுதியாக நம்புவார்கள். இதனை அமெரிக்க இயற்பியலார் ஜான் கோல்ட்மன் 1971-ல் சோதித்துப் பார்த்தார். உட்புற அளவு ஒன்றாகவும், சுவர் மட்டும் வெள்ளி, செம்பு, மரம் என்று வேறாகவும் உள்ள புல்லாங்குழல்களைச் செய்தார். எந்தக் குழல் ஒலிக்கிறது என்பதைக் கேட்பவர்கள் பார்க்க முடியாது. வாசிப்பவரும் கையால் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. இந்த ஏற்பாட்டில் எவராலும் குழலின் பொருளை இனங்காண இயலவில்லை.

இச்சோதனையின் படிப்பினை புல்லாங்குழலோடு நிற்பதன்று. காதால் கேட்டதாக நாம் எண்ணும் வேறுபாடுகளுள் சில, கண்ணால் பார்த்தவை. சில, விலைச் சீட்டில் படித்தவை. இந்த உண்மை பணச் செலவாக வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. அதுவே வீட்டு ஒலிபெருக்கி.

ஒலிபெருக்கி என்றதும் நெல்லைச் சீமையில் கோயில் கொடைக்கு மைக் செட்காரர் மரத்தில் கட்டும் குழாய்தான் நினைவுக்கு வரும். இங்கு நாம் பேசுவது அதைப் பற்றியன்று. கூடத்தில் அமர்ந்து இசை கேட்பதற்கான பெட்டி ஒலிபெருக்கிகளை, வழக்கில் ஸ்பீக்கர் என்று சொல்லப்படுபவற்றை, எடுத்துக்கொள்வோம். இவற்றுள் உயர்தரமானவை ஒரு ஜோடி பல இலட்சம் ரூபாய் விலை பெறுகின்றன. நல்ல ஜோடியை ஏற்கெனவே வைத்திருப்பவருக்கும், சில ஆண்டுகள் சென்றபின், இதைக் கொடுத்துவிட்டு இன்னும் உயர்ந்த ஒன்றை வாங்கலாமா என்ற எண்ணம் எழுகிறது. வாங்குவதற்குச் செலவாவது பெரும்பாலும் பல ஆண்டுச் சேமிப்பு. ஆகவே இவ்வினாவை ஆசைக்கும் விளம்பரத்துக்கும் விட்டுவிடாமல், அறிவியல் முறையில் ஆராய்வது பயன் தரும்.

தண்ணீர் எங்கே தடைப்படுகிறது?

ஆழ்வார்திருநகரியில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். கூடம் 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். சிமெண்டுத் தரை, சுண்ணாம்பு பூசிய சுவர், மேலே கான்கிரீட் தளம். வீட்டுக்காரர் விரும்பிக் கேட்பது காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் கர்நாடக வாய்ப்பாட்டும். அவரிடம் தரமான ஒலிபெருக்கி ஜோடி ஒன்று இருக்கிறது. அதை அவர் மாற்ற வேண்டுமா?

ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து பிரியும் தென்காலில் பாசனம் செய்யும் விவசாயி, வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் உடனே தன் மடையை இடித்து அகலமாகக் கட்டமாட்டார். அணையில் தண்ணீர் இருக்கிறதா, கால்வாய் தூர்ந்து கிடக்கிறதா என்று மேலிருந்து பார்த்துக்கொண்டே வருவார். இசையும் அப்படித்தான் வருகிறது. ஒலிப்பதிவில் தொடங்கி, பெருக்கிக்குச் சென்று, ஒலிபெருக்கி வழியாக அறைக்குள் பரவி, இறுதியில் காதை அடைகிறது. தடை எங்கே என்று காணாமல் ஒலிபெருக்கியை மட்டும் மாற்றுவது, தூர்ந்த கால்வாயின் கடைசியில் பெரிய மடை கட்டுவதற்கு ஒப்பாகும்.

ஒலிப்பதிவில் என்ன இருக்கிறது?

காருகுறிச்சியார் 1921 முதல் 1964 வரை வாழ்ந்தவர். 1962-ல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாதஸ்வரம் இணைந்து ஒலித்ததைத் தமிழர் மறக்கவில்லை. அவருடைய இசை நமக்குக் கிடைப்பது அக்கால இசைத்தட்டுகளிலிருந்தும் நாடாக்களிலிருந்தும்தான். அவை ஒற்றைத் தடத்தில் பதிவானவை. மோனோ என்று சொல்வது இதனையே. இத்தகைய பதிவை இரண்டு ஒலிபெருக்கிகளில் கேட்டாலும் இரண்டும் ஒரே ஒலியைத்தான் தரும். மேடையில் தவில் எந்தப் பக்கம், தாளம் எந்தப் பக்கம் என்று இடம் பிரித்துக் காட்டும் ஆற்றல் ஒலிபெருக்கிக்கு எவ்வளவு இருந்தாலும், பதிவில் இல்லாத இடத்தை அது காட்ட முடியாது.

அதிர்வெண்ணின் வீச்சும் அவ்வாறே. குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 முறை ஒலியின் அளவு குறிக்கப்படுவதால், 20,000 ஹெர்ட்ஸ் வரை அதில் அடங்கும். பண்பலை ஒலிபரப்பில் சுமார் 15,000 ஹெர்ட்ஸ் வரை வரும். மத்திய அலை ஒலிபரப்பிலோ ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸோடு பெரும்பாலும் முடிந்துவிடும். 1963-ல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையத்தின் கச்சேரிகளை மத்திய அலையில் கேட்டு, வீட்டில் நாடாவில் பதிந்து வைத்திருப்பவர்கள் உண்டு. அந்த நாடாவுக்கு 40,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும் ஒலிபெருக்கி எதற்கு?

இதனால் பழைய பதிவுகளுக்கு நல்ல ஒலிபெருக்கி வேண்டா என்று முடிவு செய்துவிடக் கூடாது. பழைய பதிவுகளின் உயிர் ஏறத்தாழ 200 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள நடுப்பகுதியில் இருக்கிறது. நாதஸ்வரத்தின் அடிப்படை அதிர்வெண்கள் பெரும்பாலும் 200 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை. மனிதக் குரலின் எழுத்துத் தெளிவும் இந்த நடுப்பகுதியில்தான் உள்ளது. ஆகவே நம் வீட்டுக்காரர் தேட வேண்டியது இந்தப் பகுதியில் மேடுபள்ளமின்றி ஒலிக்கும் ஒலிபெருக்கியை. உயர்விலைப் பெட்டிகளில் பணம் பெரிதும் செலவாவதோ இரண்டு ஓரங்களில், அதாவது மிகத் தாழ்ந்த ஒலியிலும் மிக உயர்ந்த ஒலியிலும்.

அறையின் பங்கு

அடுத்து அறைக்கு வருவோம். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895-ல் புதிதாகக் கட்டிய சொற்பொழிவு மண்டபம் ஒன்றில் பேசியது எதுவும் விளங்கவில்லை. ஒரு சொல் சொன்னால் அது ஐந்து நொடிக்கு மேல் முழங்கிக்கொண்டே இருந்தது. இதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சாபின் என்ற இளம் பேராசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அருகிலிருந்த நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரத்தில் சுமந்து வரச்செய்து, மண்டபத்தில் பரப்பி, முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அதிலிருந்து பிறந்த சூத்திரம் மிக எளியது. அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறையில் உள்ள மொத்த ஒலி உறிஞ்சுதிறனால் வகுத்தால், ஒலி 60 டெசிபெல் தணிவதற்கு ஆகும் நேரம் நொடிக் கணக்கில் கிடைக்கும். திறந்த சன்னல் தன் மேல் படும் ஒலியை முழுவதும் வெளியே விட்டுவிடுவதால், அதையே உறிஞ்சுதிறனுக்கு அளவுகோலாக அவர் கொண்டார்.

நம் கூடத்துக்குக் கணக்கிடுவோம். கன அளவு 60 கன மீட்டர். தரை, தளம், நான்கு சுவர்கள் சேர்ந்து பரப்பு 94 சதுர மீட்டர். சுண்ணாம்புப் பூச்சும் சிமெண்டும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே உறிஞ்சும் என்று கொண்டால், மொத்தம் 2.8 சதுர மீட்டர் திறந்த சன்னலுக்குச் சமம். கதவு சன்னல்களைச் சாத்திய வெற்று அறையில் முழக்க நேரம் 3.4 நொடி!

இதன் பொருள் என்ன? நாதஸ்வரத்தில் துரித காலத்தில் நொடிக்கு எட்டுச் சுரம் விழுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே நொடியில் எட்டில் ஒரு பங்கு. அதற்குள் அறையில் நிற்கும் முந்தைய சுரத்தின் முழக்கம் 2 டெசிபெல் அளவே தணிந்திருக்கும். புதிய சுரம் பிறக்கும்போது பழையது ஏறக்குறைய முழுப் பலத்தோடு நிற்கிறது. பத்து இலட்ச ரூபாய் ஒலிபெருக்கியை வைத்தாலும் இந்த அறையில் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியே கேட்கும்.

இப்போது கதவையும் சன்னலையும் திறந்து மூன்றரை சதுர மீட்டர் வெளி கொடுத்தால், முழக்க நேரம் ஒன்றரை நொடியாகக் குறைகிறது. நான்கு பேர் வந்து அமர்ந்து, சுவரோரம் இலவம்பஞ்சு மெத்தைகளும் கனத்த திரைகளும் எட்டுச் சதுர மீட்டர் அளவுக்கு இருந்தால் 0.7 நொடியை ஒட்டி வந்துவிடும். எட்டில் ஒரு நொடியில் பழைய சுரம் 10 டெசிபெலுக்கு மேல் தணிந்துவிடும். சுரங்கள் தனித்தனியே தெளிவுறும். இதற்கு ஆகும் செலவு மெத்தைக்கும் திரைக்கும் ஆவதுதான். நம் ஆற்றோரத்துப் பத்தமடைப் பாய் அழகில் இணையற்றது, ஆனால் மெல்லியது. கூரிய ஒலியைச் சிறிது தணிக்கும். தாழ்ந்த ஒலியை ஒன்றும் செய்யாது. ஒலியை உறிஞ்சக் கனமான பொருள் தேவை.

தாழ்ந்த ஒலியில் வேறொரு சிக்கலும் உண்டு. நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே அரை அலைநீளம் சரியாகப் பொருந்தும்போது அறையே ஒத்ததிர்கிறது. 5 மீட்டர் நீளத்துக்கு இது 35 ஹெர்ட்ஸ். 4 மீட்டர் அகலத்துக்கு 44 ஹெர்ட்ஸ். 3 மீட்டர் உயரத்துக்கு 58 ஹெர்ட்ஸ். பின் இவற்றின் மடங்குகள். இந்த அதிர்வெண்களில் ஒலி ஓரிடத்தில் குவிந்தும் மற்றோரிடத்தில் மறைந்தும் நிற்கும். நல்ல ஒலிபெருக்கியில் மேடுபள்ளம் கூடுதலாகவோ குறைவாகவோ 3 டெசிபெலுக்குள் இருக்கும். அறை உண்டாக்கும் மேடுபள்ளமோ 10 டெசிபெலையும் தாண்டும். இத்தகைய அறையில் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே நாம் கேட்பதில் பெரும்பங்கு அறையின் வேலை. அதற்கு மேலேதான் ஒலிபெருக்கியின் வேலை.

எனவே முதலில் செய்ய வேண்டியது பெட்டியை நகர்த்திப் பார்ப்பது. மூலையில் வைத்தால் இடந்தலை ஒலி ஊதிப் பெருக்கும். பின்சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலைக்கு எதிராக வந்து 87 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் உண்டாக்கும். தூரத்தை மாற்றினால் பள்ளமும் இடம் மாறும். நாற்காலியையும் சுவரோடு ஒட்டாமலும் அறையின் சரிநடுவில் இல்லாமலும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முழுவதும் இதற்குச் செலவிட்டால், பலருக்குப் புதிய ஒலிபெருக்கி வாங்கியது போன்ற மாற்றம் கிடைக்கும்.

தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியையும் மறக்கக் கூடாது. வேகமாகச் சுழலும்போது அதன் இரைச்சல் 45, 50 டெசிபெல் இருக்கும். தம்புராவின் மெல்லிய ரீங்காரம் அதில் மூழ்கிவிடும். கோடையில் விசிறியை நிறுத்த முடியாதுதான். ஆனால் மிக நுண்ணிய ஒலியைக் காட்டும் என்று சொல்லி விற்கப்படும் பெட்டி, விசிறியின் அடியில் அந்த நுண்மையைக் காட்ட வழியில்லை.

கூடுதல் பணம் எதை வாங்குகிறது?

இன்றும் நம் வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலானவை, ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் 1925-ல் வெளியிட்ட முறையிலேயே இயங்குகின்றன. காந்தப் புலத்தில் ஒரு கம்பிச் சுருள். அதில் மின்னோட்டம் பாயும்போது அது முன்னும் பின்னும் அசைகிறது. அதனோடு ஒட்டிய கூம்பு காற்றைத் தள்ளுகிறது. 1961-ல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல், பின்னர் 1970-களில் ரிச்சர்டு ஸ்மால் ஆகியோர், பெட்டியும் கூம்பும் சேர்ந்து தாழ்ந்த ஒலியில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை முன்கூட்டியே கணக்கிடும் வழியை அளித்தனர். முன்பு அனுபவத்தால் மட்டுமே செய்யப்பட்டது, பிறகு கணக்காயிற்று. இதன் பயன் மலிவான பெட்டிகளுக்கும் கிடைத்தது. நடுத்தர விலைக்கும் உயர்ந்த விலைக்கும் இடையே இருந்த தூரம் அதனால் குறைந்தது.

ஆயினும் கூடுதல் விலைக்குக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரே உரப்பில் ஒரு ஸ்தாயி கீழே இறங்க வேண்டுமானால் நான்கு மடங்கு காற்றை அசைக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸிலிருந்து 25 ஹெர்ட்ஸுக்கு இறங்குவதற்குப் பெரிய கூம்பு, நீண்ட அசைவு, கனத்த காந்தம், அதிராத பெட்டி எல்லாம் வேண்டும். விலை ஏறுவது இயல்பே. ஆனால் நம் இசைக்கு அந்த ஸ்தாயி தேவையா? ஒரு கட்டைச் சுருதியில் ஆண் குரலின் ஆதார ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். தம்புராவின் மந்தர ஷட்ஜம் 65 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் வரை நேராக ஒலிக்கும் பெட்டி கர்நாடக இசைக்குப் பெரும்பாலும் போதும். 25 ஹெர்ட்ஸ் தேவைப்படுவது மேனாட்டுத் தேவாலயங்களின் பெரிய ஆர்கனுக்கும் திரைப்பட வெடியோசைக்கும்தான்.

விளம்பர வாசகங்கள்

விலைப்பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும் சில வாசகங்களைச் சோதிப்போம்.

‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை.’ எத்தனை டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாதவரை இவ்வெண்களுக்குப் பொருளில்லை. 20 ஹெர்ட்ஸில் 20 டெசிபெல் தணிந்து முனகும் பெட்டியும் இந்த வாசகத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

‘40,000 ஹெர்ட்ஸ் வரை.’ இளம் வயதில் 20,000 வரை கேட்கும் காது, வயது ஏற ஏற மேல் ஓரத்தை இழக்கிறது. அறுபது வயதில் 12,000 ஹெர்ட்ஸே பலருக்குக் கேட்பதில்லை. உயர்விலைப் பெட்டிகளை வாங்கும் வசதி வரும் வயதும் பெரும்பாலும் அதுவே.

‘200 வாட்.’ இது பெட்டி தாங்கும் அளவு, ஒலியின் அளவன்று. மின்திறனை இருமடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல் ஏறும். காதுக்கு இருமடங்கு உரப்பாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு திறன் வேண்டும். பெட்டியின் உணர்திறனைத்தான் பார்க்க வேண்டும். ஒரே மின்திறனுக்கு ஒன்று 84 டெசிபெலும் மற்றொன்று 90 டெசிபெலும் தருமானால், முன்னதற்கு நான்கு மடங்கு பெருக்கி தேவைப்படும்.

‘வைரம், பெரிலியம் ஆகியவற்றால் ஆன உயர்சுர மூடி.’ இதில் அறிவியல் உண்டு. விறைப்பான, எடை குறைந்த பொருள் தன்னுள் நெளியத் தொடங்கும் அதிர்வெண் மிக உயரத்தில் அமையும். ஆனால் நல்ல அலுமினிய மூடியிலேயே அது மனிதச் செவியின் எல்லைக்கு அப்பால் போய்விடுகிறது. ஆழ்வார்திருநகரியின் கல் குழலைப் போல இங்கும், பொருளின் பெயரைக் கேட்டு மயங்காமல், வெளிவரும் ஒலியைத்தான் கேட்க வேண்டும்.

மறைத்து வைத்துக் கேட்டல்

கோல்ட்மன் புல்லாங்குழலுக்குச் செய்ததை ஒலிபெருக்கிக்குச் செய்தவர்களும் உண்டு. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஃபிளாய்ட் டூல் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1985, 1986 ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டார். திரைக்குப் பின்னால் வைத்த ஒலிபெருக்கிகளை மக்கள் கேட்டு மதிப்பெண் இட்டனர். நல்ல செவித்திறன் உள்ளவர்களின் விருப்பம் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. மேடுபள்ளமின்றி நேராக ஒலிப்பதும், பக்கவாட்டிலும் அதே தன்மையோடு ஒலியைப் பரப்புவதும் ஆகிய பெட்டிகளையே அவர்கள் விரும்பினர். செவித்திறன் குறைந்தவர்களின் தீர்ப்பு நிலையாக இல்லை. ஒலியின் தரம் வெறும் ரசனை அன்று, அதில் அளக்கக்கூடிய பகுதி உண்டு என்பதை இது காட்டிற்று. எல்லா ஒலிபெருக்கியும் ஒன்றே என்று சொல்பவர்களுக்கும் இது தக்க மறுப்பு.

1994-ல் டூலும் ஷான் ஆலிவும் வேறொரு சோதனை செய்தனர். 40 பேர் நான்கு ஒலிபெருக்கிகளை, ஒருமுறை கண்ணால் பார்த்துக்கொண்டும் ஒருமுறை பார்க்காமலும் கேட்டனர். பார்த்துக் கேட்டபோது பெரிய, விலை உயர்ந்த பெட்டிகளின் மதிப்பெண் ஏறியது. சிறிய, மலிவான அமைப்பின் மதிப்பெண் இறங்கியது. மறைத்தபோது அந்த இடைவெளி சுருங்கியது. பெட்டியைப் பார்த்ததே தீர்ப்பில் பெரும் மாற்றத்தை உண்டாக்கியது. கேட்டவர்களோ ஒலிபெருக்கி தயாரிக்கும் நிறுவனத்திலேயே பணிபுரிந்தவர்கள். தொழில் அறிந்தவர்களே கண்ணுக்கு வசப்பட்டார்கள் என்றால், கடையின் பளபளப்பான அறையில், குளிரூட்டிய காற்றில், விற்பனையாளர் அருகில் நிற்க நாம் தரும் தீர்ப்பு எவ்வளவு நம்பத்தக்கது?

வீட்டிலேயே ஒரு சோதனை

ஆகவே வாங்குவதற்கு முன், புதிய ஜோடியை ஓரிரு நாள் வீட்டுக்குக் கொண்டுவந்து கேட்க அனுமதி கேளுங்கள். இலட்சக் கணக்கில் விற்பவரிடம் இதைக் கேட்பதில் தவறில்லை. பின்வரும் முறையைப் பின்பற்றலாம்.

பழைய ஜோடியையும் புதிய ஜோடியையும் அருகருகே வைத்து, முன்னால் மெல்லிய வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டுங்கள். மெல்லிய பருத்தித் துணி ஒலியைத் தடுக்காது. இரண்டு ஜோடிகளும் ஒரே உரப்பில் ஒலிக்க வேண்டும். இது மிக முக்கியம். ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதைக் காது ‘உரத்தது’ என்று அறியாமல் ‘நல்லது’ என்றே அறிகிறது. கைபேசியில் உள்ள ஒலியளவி ஒன்றைக் கொண்டு, அமரும் இடத்தில் இரண்டையும் அளந்து சமப்படுத்திக்கொள்ளலாம். வீட்டில் ஒருவர் நாணயம் சுண்டி, பூ விழுந்தால் ஒன்று, தலை விழுந்தால் மற்றொன்று என்று இணைப்பு கொடுத்து, அதன்பின் அதே பாட்டை மற்றதிலும் ஒலிக்கச் செய்யட்டும். முதலாவதா, இரண்டாவதா எது பிடித்தது என்று கேட்பவர் எழுதட்டும். பத்து முறை செய்யுங்கள். ஐந்து முறைக்குப் பின் இரு ஜோடிகளின் இடத்தையும் மாற்றி வையுங்கள். இல்லையெனில் நீங்கள் விரும்பியது பெட்டியையா, அது நின்ற இடத்தையா என்று தெரியாது.

பத்து முறை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால் 1,024 விதமாக விடை அமையலாம். வேறுபாடே உணராமல் மனம்போன போக்கில் எழுதினாலும், ஏதேனும் ஒரு ஜோடிக்கு ஒன்பதோ பத்தோ வாக்கு விழுவதற்கு 22 வழிகள் உண்டு. அதாவது நூற்றுக்கு இரண்டு வாய்ப்பு. ஆகவே ஒரே ஜோடிக்கு ஒன்பது வாக்கு விழுந்தால் உங்கள் விருப்பம் உண்மையானது என்று கொள்ளலாம். ஆறுக்கு நான்கு என்று வந்தால் பணம் பையிலேயே இருக்கட்டும்.

எதைக் கேட்பது? முதலில் மோனோப் பதிவு. ஜோடியின் இரு பெட்டிகளும் ஒத்திருந்தால் நாதஸ்வரம் சரியாக நடுவிலிருந்து வரும். ஒருபுறம் சாய்ந்தாலோ, பரந்து குழம்பினாலோ, பெட்டிகள் ஒத்தில்லை அல்லது வைத்த இடம் சரியில்லை. அடுத்து மிருதங்கம். அதன் வலந்தலையில் உள்ள கருஞ்சாந்தின் காரணமாக மேற்சுரங்கள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்ற முழு எண் மடங்குகளில் அமைகின்றன என்பதைச் சர் சி.வி. இராமன் 1920-ல் வெளியிட்டார். பெரும்பாலான தோற்கருவிகளில் இல்லாத இந்தச் சுருதிச் சுத்தம் ஒலிபெருக்கியில் கெட்டால், மிருதங்கம் அட்டைப் பெட்டியைத் தட்டியது போல் ஒலிக்கும். மூன்றாவது, நன்கு பழகிய ஒரு குரல்.

ஒப்பிடுவதற்கு உண்மையான ஒலி காதில் இருக்க வேண்டும். அவ்வகையில் ஆழ்வார்திருநகரிவாசி பேறு பெற்றவர். அரையர் சேவை இன்றும் நடைபெறும் மிகச் சில தலங்களுள் அது ஒன்று. அங்கே குரலும் கைத்தாளமும் கல் மண்டபத்தில் நேராக வந்து காதில் விழுகின்றன. வீதிப் புறப்பாட்டில் நாதஸ்வரமும் தவிலும் திறந்த வெளியில் ஒலிக்கின்றன. தாளத்தின் கணீரென்ற முனை எப்படி இருக்கும், சீவாளியின் கரகரப்பு எவ்வளவு இயல்பானது என்பதை அறிந்த காது, ஒலிபெருக்கியை எடைபோட வல்லது.

பழசா, பழுதா?

ஒலி முன்போல் இல்லை என்பதற்காகவே பலர் மாற்ற எண்ணுகிறார்கள். அவர்கள் முதலில் கூம்பின் விளிம்பைப் பார்க்க வேண்டும். கூம்பைச் சட்டத்தோடு இணைக்கும் வளையம் சில பெட்டிகளில் நுரைப் பொருளால் ஆனது. பாலியூரித்தேன் நுரை வெப்பமும் ஈரமும் சேர்ந்த காற்றில் நாளடைவில் வேதி மாற்றம் அடைந்து பொடிந்து உதிரும். ஆற்றுப் படுகை ஊர்களில் இது விரைவாகவே நடக்கலாம். ரப்பர் விளிம்பும் துணி விளிம்பும் நெடுநாள் தாங்கும். நுரை உதிர்ந்திருந்தால் விளிம்பை மட்டும் மாற்றித் தரும் பழுதுபார்ப்போர் உள்ளனர். பெட்டிக்குள் ஒலியை உயர்வு, தாழ்வு என்று பிரிக்கும் சுற்றில் உள்ள மின்பகுப்பு மின்தேக்கிகளும் வயதானால் அளவு மாறும். அவற்றின் விலை சொற்பம். பழுதான பெட்டியைப் புதிய பெட்டியோடு ஒப்பிட்டால் புதியது வெல்லும் என்பதில் வியப்பில்லை. பழுது நீக்கியபின் ஒப்பிடுவதே நேர்மையான சோதனை.

முடிவு

மூன்று நிலைகளில் உயர்ந்த ஒலிபெருக்கிக்கு மாறுவது தகும். பழைய பெட்டியின் நடுப்பகுதியில் திருத்த முடியாத மேடுபள்ளம் இருக்க வேண்டும். அல்லது அறை பெரிதாகி, பழைய பெட்டி உரத்து ஒலிக்கும்போது சிதற வேண்டும். அல்லது அறையைச் செம்மை செய்து, பழுது நீக்கி, மறைத்துக் கேட்ட பின்னும் புதியதற்கே பத்தில் ஒன்பது வாக்கு விழ வேண்டும். இவற்றுள் ஒன்றும் இல்லையெனில், மாற்றுவதால் வீட்டின் தோற்றம் மாறலாம், இசை மாறாது. அழகிய மரப்பெட்டிக்காக ஒருவர் பணம் கொடுக்க விரும்பினால் அது அவர் உரிமை. அதை இசைக்காகக் கொடுத்ததாக எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை.

நாம் எடுத்துக்கொண்ட ஆழ்வார்திருநகரிக் கூடத்துக்கு இதுவே தீர்ப்பு: முதலில் மெத்தையும் திரையும், அடுத்துப் பெட்டியின் இடம், பிறகு விளிம்பும் மின்தேக்கியும். இவற்றுக்குப் பின்னும் குறை தெரிந்தால், 50 ஹெர்ட்ஸ் வரை இறங்கி, நடுப்பகுதியில் நேராக ஒலிக்கும் ஒரு ஜோடியைப் பார்க்கலாம். அதற்குமேல் செலவிடப் பணம் இருந்தால், நல்ல ஒலிப்பதிவுகளை வாங்குவதும், ஊரில் வாசிக்கும் நாதஸ்வரக் கலைஞருக்குத் தக்க சன்மானம் அளித்து நேரில் கேட்பதும் அதனினும் மிகுந்த பயன் தரும்.